'வரட்டும், வரட்டும்' சொல்ல ஆள் இல்லாத வண்டி

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

போன மாதம் சூலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையோரம் வண்டியை நிறுத்தினேன். பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஜன்னலில் திரை, கூரைமேல் சோலார் தகடு. கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஏனுங்க, உள்ளே எந்த நடிகருங்க?" நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங்குக்கு வருகிற வண்டிதானே. "நடிகர் யாரும் இல்லீங்க தம்பி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பக்கெட், அப்புறம் நான்" என்றேன். பையனுக்குச் சப்பென்று போய்விட்டது. டீயைக் குடிக்கத் திரும்பிவிட்டான்.

இப்படி வண்டியில்தான் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ ஊர்ச் சனம் உட்கார்ந்து போக வண்டி கட்டிக் கொடுத்தாயிற்று, நமக்கென்று ஒன்று கட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் என்ன என்று ரொம்ப நாளாக ஓர் ஆசை. வீட்டுக்காரி இருந்தவரை "இருக்கிற வீட்டைக் கூட்டிப் பெருக்கவே ஆளில்லை, இதில் ஓடுகிற வீடு வேறயா" என்பாள். அவளும் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருப்பூரில் இருக்கிற மகளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அதிலிருந்து ரிட்டயர் ஆன ஆட்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "முதல் வண்டி எதை எடுக்கட்டும்?"

கம்பெனி பேர், விலை எல்லாம் அப்புறம். நீங்கள் தனியாள் என்பதை முதலில் மனசில் வாங்குங்கள். தனியாள் என்றால் உங்களுக்குக் கிளீனர் இல்லை.

வண்டியிலே வாழ்வது நம் பக்கத்துக்குப் புதுசு ஒன்றும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் போர்வெல் போட வடக்கே போனால் மாசக்கணக்கில் வண்டியோடுதான் இருப்பார்கள். வண்டி நிழலில் உலை கொதிக்கும், வண்டிமேல் துணி காயும். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கும் கேபின்தான் வீடு. ஆனால் ரிக்கில் ஒரு கூட்டமே போகும். லாரியில் ஒரு கிளீனராவது இருப்பான். பின்னால் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும், ரைட்டுல ஒடி, போதும்" என்று சொல்வான். ஸ்டெப்னி மாற்றுவான், கண் சொக்கினால் பேச்சுக் கொடுப்பான். அறுபது வயசுக்குமேல் தனியாகக் கிளம்புகிறவருக்கு இதெல்லாம் யார் செய்வது?

இது எனக்கே முதலில் உறைக்கவில்லை. பட்டறைக்காரன் என்கிற திமிர். டெம்போ டிராவலரில் இருப்பதிலேயே நீளமான வண்டியாகப் பார்த்து வாங்கினேன், 4020 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்), இருபத்தாறு சீட்டு ஓடின வண்டி. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு நானே கட்டினேன். குறுக்கே ஒரு கட்டில், சமையல் மேடை, துணி அலமாரி, குளிக்க ஒரு தடுப்பு, சாமிக்கு ஒரு ஸ்டாண்டு. பட்டறையில் பார்த்தவர்கள் எல்லாம் "பங்களாங்க" என்றார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

கிளம்பின மூன்றாம் வாரம், முத்தூருக்கு அந்தப்பக்கம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. போனில் வழி போட்டுக்கொண்டு போனேன். அது ஒரு இட்டேரிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காங்கேயம் பக்கத்து இட்டேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். முக்கால் பர்லாங் போனபிறகு தடம் ஒரு கொறங்காட்டுக் கடவில், அதாவது மேய்ச்சல் காட்டு வாசலில், முடிந்துவிட்டது. திருப்ப இடமில்லை. வந்த தூரமும் ரிவர்ஸ்தான்.

கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பக்கமும் பச்சை. வேறொன்றும் தெரியாது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்ப்பேன், ஏறிப் பத்தடி எடுப்பேன், மறுபடி இறங்குவேன். பதினொரு தடவை இறங்கி ஏறினேன். முட்டி இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி, தேரைக் கொண்டாந்து இட்டேரிக்குள்ள உட்டுட்டயே" என்றார்.

"கொஞ்சம் பின்னால நின்னு பாருங்க ஆத்தா" என்றேன். வந்து நின்றார். ஆட்டை முடுக்குகிற அதே குரலில் "இக்கட்டால வா, இக்கட்டால" என்கிறார். ஆத்தாவின் குச்சி மட்டும் எப்போதாவது கண்ணாடியில் தெரிகிறது, ஆத்தா தெரியவில்லை. எந்தக் கட்டால, எந்தப் பக்கமாக என்று நான் கண்டேன்? குச்சி ஆடுகிற பக்கமாக ஒடித்தேன். 'டொம்'மென்று ஒரு சத்தம். வேலியோரம் நட்டிருந்த கல்லுக்கால். பின்விளக்கு நொறுங்கிப் பாடியில் ஒரு முழத்துக்கு நசுங்கல். ஆத்தா சாவகாசமாக என் ஜன்னலுக்கு வந்தார். "உன்ர பக்கத்துல ஆராச்சும் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க சாமி" என்றார்.

காதுகுத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்தி முடிந்துவிட்டது. எட்டாவது மாதம் அந்த வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன். 'இப்போதெல்லாம் பின்னால் கேமரா இருக்கிறதே' என்று சிலர் நினைப்பீர்கள். இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தரையைத்தான் காட்டும். தாழ்ந்து கிடக்கிற புளியங்கிளை, தொங்குகிற கரண்டு ஒயர், சாய்ந்த பந்தல்கால், கூரையில் இடிப்பவை எதுவும் அதில் விழாது.

அதனால் வாங்குவதற்கு முன்னால், அந்த வண்டியையோ அதே நீளத்தில் வாடகைக்கு ஒன்றையோ எடுத்து ஒரு சந்துக்குள் விட்டுத் தனியாக ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். விற்கிறவர் "நான் பார்க்கிறேன் சார், வாங்க வாங்க" என்று பின்னால் ஓடி வருவார். டீ சாப்பிட அனுப்பிவிடுங்கள். நெடுஞ்சாலையில் எண்பதில் ஓட்டிப் பார்ப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை, அதில் எல்லா வண்டியும் ஓடும்.

இப்போது வைத்திருப்பது அதே டிராவலரில் குட்டை வண்டி, 3050 வீல்பேஸ். இன்னும் சின்னதாக மாருதி ஈகோ வேன் மாதிரி எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எந்தச் சந்திலும் நுழையும், பெட்ரோல் செலவும் குறைவு, முப்பது வயசுப் பையன் என்றால் நானே அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் உள்ளே நிற்க முடியாது. நாலு நாள் விடாமல் மழை பெய்கிறது, குனிந்தபடியே வேட்டி மாற்றிக் குனிந்தபடியே சோறு வடித்துப் பாருங்கள், இடுப்பு என்ன சொல்கிறது என்று தெரியும். உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நீளத்தில் எவ்வளவு கஞ்சனாக இருக்க முடியுமோ இருங்கள். குட்டியானையில் கூண்டு கட்டிக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. அது சரக்கு வண்டி, ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், வம்பு வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உயரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதுவும் நம்மூரில். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே பாயும். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நட்டு வைக்கவில்லை. ஆடி மாசம் கிணத்துக்கடவைத் தாண்டும்போது உயரமான வண்டியைப் பக்கவாட்டில் யாரோ தோளால் இடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு லாரியை முந்தி வெளியே வருகிற நொடிதான் மோசம். லாரியின் மறைவு விட்டதும் காற்று ஒரேயடியாக அறையும். நான் நாற்பத்தைந்துக்கு இறங்கிவிடுவேன். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

சரி, வண்டி எடுப்பதற்கு முன்னால் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. வாசலிலோ களத்திலோ வண்டியின் உள்ளளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கயிற்றுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குடம், துணிப்பெட்டி எல்லாவற்றையும் கோட்டுக்குள் வைத்து இரண்டு நாள் அதற்குள்ளேயே இருங்கள். கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது வண்டிக்கு நான் அப்படித்தான் செய்தேன். பேரன் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தவன், "அப்புச்சி, கதவு எங்க?" என்று கேட்டான். முப்பத்துநான்கு வருஷம் பஸ்ஸுக்குக் கதவு வைத்தவன் எனக்கே கதவு போட மறந்துவிட்டேன்! காலையிலிருந்து சுவருக்குள் புகுந்து போய்வந்திருக்கிறேன். கதவை இடதுபக்கம் வரைந்ததும் அடுப்பு இருந்த இடம் தப்பு, கட்டில் இருந்த இடமும் தப்பு என்று ஆகிவிட்டது. அடுப்பைக் கதவோரம் வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். சிலிண்டர் இருக்கிற பெட்டியில் அடிமட்டத்தில் வெளியே பார்த்து ஓட்டை வேண்டும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. தனியாளுக்கு ஐந்து கிலோச் சிலிண்டர் தாராளம்.

பட்டறைக்காரனிடம் பேச்சுக் கொடுத்தால் கனத்தில்தான் வந்து நிற்பான். எட்டுக்கு நாலு அளவில் பதினெட்டு எம்.எம். பிளைவுட் ஒரு ஷீட் முப்பது கிலோவுக்கு மேல். ஆசாரி வீட்டு அலமாரி மாதிரியே அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், வண்டி வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டும். அலுமினிய பாக்ஸ் பைப்பில் சட்டம் கட்டி மெல்லிய பலகை போடச் சொல்லுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, நூறு லிட்டர் டேங்க் என்றால் கூடவே ஒரு பெரிய ஆளை ஏற்றிக்கொண்டு போகிற கணக்கு. எல்லாம் கட்டி முடித்து, தண்ணீர் நிரப்பி, அரிசி பருப்பு ஏற்றி, நீங்களும் உட்கார்ந்து ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிவிடுங்கள். ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும்.

பேட்டரிக்கும் இதே பேச்சுத்தான். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாளாகத் தூக்கி இறக்க முடியுமா? 100 ஏ.ஹெச். லித்தியம் பன்னிரண்டு கிலோச் சொச்சம். விலை அதிகம்தான், ஆனால் தூக்குகிற முதுகு உங்களுடையது. ஸ்டெப்னியும் அப்படித்தான். வாங்கும்போதே ஒரு வீல் நட்டைக் கழற்றிப் பாருங்கள். எல் ஸ்பேனர்மேல் ஏறி நின்றும் அசையவில்லை என்றால், நீளமான பைப் ஒன்று வண்டியில் கிடக்க வேண்டும்.

கக்கூஸ் விஷயத்தைக் கூச்சம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன், வானொலியில் முகம் தெரியாது பாருங்கள். நம் வயசுக்கு ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்தாக வேண்டும். இருட்டில் முன்பின் தெரியாத இடத்தில் கதவைத் திறந்து இறங்குவது ஆபத்து. வண்டிக்குள் கைப்பிடியோடு ஒரு போர்ட்டபிள் டாய்லெட் போதும், குளியலறை கட்டி இடத்தை அடைக்காதீர்கள். மறுநாள் பெட்ரோல் பங்கிலோ சுலப் கட்டணக் கழிப்பறையிலோ கேட்டுக்கொண்டு கொட்டிக் கழுவலாம். வாய்க்காலில் கொட்டுகிற வேலை வேண்டாம். நொய்யல் பட்டதே போதும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தயாரிப்பாளர் அம்மா இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டே நிமிஷம். காகித விஷயத்துக்குப் பாதி நேரம் ஒதுக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தேன், அந்த ஆத்தா சாப்பிட்டுவிட்டார். வேகமாகச் சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டுவிட்டு ஆர்.சி.யை அப்படியே விட்டால், விபத்து நடக்கிற அன்றைக்கு இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிப்பார். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரவிதி இருக்கிறது. உட்கார இடம், மேசை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க இடம், இவ்வளவும் கேட்கும். அதன்படி கட்டுகிறவரிடம் கட்டுங்கள். என் முதல் பங்களாவில் இந்த வேலையையும் தலைகீழாகத்தான் செய்தேன், அது தனிக் கதை.

டி போர்டு, அதாவது வாடகைக்கு ஓடின வண்டி மலிவாகக் கிடைக்கும். ஓன் போர்டுக்கு, அதாவது சொந்த உபயோக வண்டியாக, மாற்றியபிறகுதான் மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டும். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டாக்டரிடம் ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்று வாங்க வேண்டும். தேதி முடியும்போது நீங்கள் அஸ்ஸாமில் இருக்காதீர்கள். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பரில் ஜீவன் பிரமாண், அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, போட மறக்க வேண்டாம், இப்போது போனில் முகத்தைக் காட்டியே போடலாம்.

இன்னும் சோலார் கணக்கு இருக்கிறது... ஒரு விரல் காட்டுகிறார்கள். சரி, அதை விட்டுவிடுகிறேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருஷம் இருபத்துமூன்றாவது வாரம் செய்தது என்று அர்த்தம். டயரில் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் சரி, அந்த வயசு டயரை நம்பித் திம்பம் மலையில் இருபத்தேழு வளைவு ஏறக் கூடாது. டயரைப் புதுசாகப் போட்டு, அந்தக் காசை விலையில் கழித்துக் கேளுங்கள். ஸ்டெப்னியிலும் எண்ணைப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை... சரிங்க அம்மா, முடித்துவிட்டேன். வணக்கமுங்க.