முதல் அட்வென்ச்சர்: தோத்தா என்ன ஆகும்னு பாருங்க

வணக்கம். ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி, டைஸ் உருட்டி ஆடற கதை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அத ஆடலாம்னு நாலஞ்சு பேர் சேந்தாச்சு, டைஸும் வாங்கியாச்சு, ஒருத்தர் கதைய நடத்தற டன்ஜன் மாஸ்டரா உக்காரவும் ஒத்துக்கிட்டாரு, ஆனா எந்தக் கதைய, அதாவது எந்த அட்வென்ச்சர் புக்க, முதல்ல எடுக்கறதுன்னு தெரியாம நிக்கறவங்க இருப்பீங்கல்ல, உங்களுக்காகத்தான் இன்னிக்குப் பேச வந்திருக்கேன்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். புக்க கையில எடுத்ததும் முதல் சண்டை வர்ற பக்கத்துக்குப் போங்க. அதுல ஆடறவங்க தோத்துட்டா அடுத்து என்னன்னு எழுதியிருக்கா? எழுதியிருந்தா நம்பி எடுக்கலாம். டிராகன், மேப்பு, படமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, முதல் லெவல்ல யாருக்கும் உடம்புல தெம்பே இருக்காது. 2014ல வந்த ரூல்ஸ்படி ஒரு மந்திரவாதிக்கு அடிப்படை ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கற அளவு, 6தான், கான்ஸ்டிட்யூஷன்ங்கற உடல் உறுதி நல்லா இருந்தா ஒண்ணு ரெண்டு கூடும், அவ்ளோதான். காப்ளின்ங்கற குட்டி அரக்கன் விடற அம்பு பட்டா 3லேந்து 8 வரைக்கும் போகும். அதாவது ஒரே அம்புல ஆள் சாஞ்சிடலாம்.

அதே வருஷம் புதுசா ஆடறவங்களுக்குன்னு வந்த ஸ்டார்ட்டர் செட் பெட்டியில இருக்கற லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர எடுத்துக்கங்க. நீங்க ஃபேண்டலின்ங்கற ஊருக்கு ஒரு வண்டி நிறைய சரக்கு கொண்டு போறீங்க, வழியில ரெண்டு குதிரை செத்துக் கெடக்கு, மேல கறுப்பு இறகு வச்ச அம்பு குத்தி நிக்குது, பக்கத்துப் புதர்ல நாலு காப்ளின் ஒளிஞ்சிருக்கு. சண்டைல நீங்க தோத்துட்டா? காப்ளினுங்க உங்கள மயக்கத்துல அப்படியே விட்டுட்டு, சரக்க அள்ளிக்கிட்டு குகைக்குப் போயிடும்னு புக்லயே இருக்கு. கதை நிக்கல பாருங்க, இப்ப சரக்க மீட்கணும்னு ஒரு வேகமும் சேந்துடுச்சு.

அந்தக் குகைக்குள்ளயும் எல்லாமே வெட்டுக்குத்து இல்ல. யீமிக்னு ஒரு காப்ளின், தன் தலைவன் க்ளார்க்க கொன்னுட்டு வந்தா பிடிச்சு வச்சிருக்கற ஆள விடறேன்னு பேரம் பேசுவான். முதல் தடவ ஆடறவங்க அந்த இடத்துல, அட, இதுல பேசவும் செய்யலாமான்னு நிமிர்ந்து உக்காருவாங்க, எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடிக்கும்.

இதுக்கு நேர் எதிர் டூம் ஆஃப் ஹாரர்ஸ். இந்த விளையாட்ட உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் 1975ல ஒரிஜின்ஸ்ங்கற விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக, நல்லா ஆடத் தெரிஞ்சவங்கள சோதிக்கன்னே எழுதினது. அதுல ஒரு பச்சைப் பிசாசு முகம், வாயத் திறந்தபடி இருக்கும், உள்ள நுழைஞ்சா ஆள் அடையாளமே இல்லாம போயிடுவான். பேர் பெத்த அட்வென்ச்சர்தான், ஆனா புதுசா வந்தவங்க கையில குடுக்கவே குடுக்காதீங்க.

கேரக்டர் ஷீட், அதாவது கதாபாத்திரத்தோட விவரம் எழுதின தாள், ரெடியா குடுத்திருந்தா இன்னும் நல்லது, ஸ்டார்ட்டர் செட்ல அஞ்சு இருக்கு. அத எழுதறதுலயே முதல் நாள் போயிடக்கூடாது.

எங்க மேசையில முதல்ல வேறொரு கதை ஆடினோம், முதல் சண்டையிலேயே எல்லாரும் செத்தோம், அடுத்து என்னன்னு புக்ல ஒரு வரி இல்ல, ரெண்டு பேர் அதுக்கப்புறம் வரவே இல்ல. எனக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கு. ரெண்டாவதா ஃபேண்டெல்வர் எடுத்தப்பவும் மந்திரவாதியா ஆடின பொண்ணு ரெண்டாவது ரவுண்ட்ல விழுந்துட்டா, கொஞ்ச நேரத்துல மத்தவங்களும் விழுந்தாங்க, அவ பேசாம ஷீட்ட மடிக்க ஆரம்பிச்சிட்டா. டன்ஜன் மாஸ்டர் மெதுவா, நீங்க கண்ணத் திறக்கறீங்க, வண்டி காலியா நிக்குதுன்னு சொன்னாரு. அவ மடிச்ச ஷீட்ட திரும்பப் பிரிச்சு வச்சுக்கிட்டு கேட்டா, மண்ணுல கால்தடம் எந்தப் பக்கம் போகுதுன்னு.