ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற பெற்றோர்களே, எப்போதடா இவர் முடிப்பார் என்று மேக்கப்போடு காத்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இதற்குப் பதில் இரண்டு நோட்டு வாங்கி ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம் என்று வருடா வருடம் சொல்கிறேன், யாரும் கேட்பதாக இல்லை. சரி, போகட்டும்.

வருடக் கடைசி வந்துவிட்டால் பள்ளிக்கூடம் தலைதெறிக்க ஓடும். செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு, மாலை சிறப்பு வகுப்பு, அதற்கு யாராவது புண்ணியவான் வாங்கித் தருகிற சுண்டல், குரூப் போட்டோ, பிரிவு உபசார விழா, ஹால் டிக்கெட், அப்புறம் பொதுத் தேர்வு. இடையில் இந்த ஆண்டு விழா. இது வேண்டாம், படிப்பு கெடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அரசுப் பள்ளிகளுக்கென்று கலைத்திருவிழா வந்தது 2022-23-இல். கணக்கு வகுப்பில் தலையைத் தூக்காத பையன் பறையை எடுத்ததும் வேறு ஆளாக நிற்பதை எத்தனையோ ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பையன் நாளைக்கும் பள்ளிக்கு வருவதற்கு இந்த மேடையும் ஒரு காரணம். அதனால் ஆட்டம் பாட்டம் இருக்கட்டும்.

என் கவலை வேறு. கடைசித் தேர்வு எழுதி, சட்டையில் இங்க் தெளித்துக்கொண்டு பிள்ளைகள் வாசலைத் தாண்டியதும், வருடம் முடிந்தது என்று நாம் எல்லோரும் மூச்சு விடுகிறோம். ஆனால் பிள்ளைகள் நம் கையை விட்டுப் போவது அதற்குப் பிறகுதான். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே.

2023 மார்ச் நினைவிருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் வரவில்லை. டிவியில் இரண்டு மூன்று நாள் அதே பேச்சு. தேர்வுப் பயம் என்றார்கள், தமிழே கஷ்டமாகிவிட்டது என்றார்கள். உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் அன்றைக்குக் காலையில் காணாமல் போனவர்கள் இல்லை. கொரோனா வருடத்தில், 2021-இல், தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்று மேலே வந்த அணி அது. பதினொன்றில் சேர்ந்தார்கள், சிலர் இடையிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள், வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் ஹால் டிக்கெட்டும் வந்தது. ஆள்தான் இல்லை. தேடப் போனபோது ஒரு வருடம், ஒன்றரை வருடம் கடந்திருந்தது. தேர்வறையில் வைத்து எண்ணினால் அப்படித்தான் ஆகும். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எண்ண வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பையன்கள் லீவு விட்டால் என்ன செய்கிறார்கள்? பந்தல் வேலை, கேட்டரிங், பரோட்டாக் கடை, திருப்பூருக்குப் போன மாமாவோடு பனியன் கம்பெனி. தப்பு என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை அப்படி. ஆனால் வாரக் கூலி கையில் வந்து பழகிய பையன் ஜூனில் பையைத் தூக்கிக்கொண்டு வருவது சுலபமில்லை. அதிலும் மே மாதம் முடிவு வந்து இரண்டு பாடம் போயிருந்தால், அவன் வரவே மாட்டான். அவனுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும், ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ துணைத் தேர்வு உண்டு, தேறினால் அதே வருடம் மேலே சேரலாம். விண்ணப்பிக்கத் தருகிற நாட்கள் குறைவு. அந்த நேரத்தில் பையன் கல்யாண மண்டபத்தில் இலை போட்டுக்கொண்டிருப்பான், போன் எடுக்க மாட்டான். வகுப்பு ஆசிரியர்களே, தேறாத பிள்ளையின் வீட்டுக்கு முடிவு வந்த மறுநாளே யாராவது போய்விடுங்கள். திட்டப் போகாதீர்கள், விண்ணப்பத்தோடு போங்கள். மேலாண்மைக் குழு எதற்கு இருக்கிறது? 2022-இல் குழுவைத் திருத்தி அமைத்தபோது பெற்றோரைத்தான் பெரும்பான்மையாக வைத்தார்கள், 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தெருவுக்கு ஒரு ஆள் கிடைப்பார். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவர்களை விட்டுவிட வேண்டாம்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். மே மாதம் முகூர்த்த மாதம். பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு நிச்சயம் செய்வது பெரும்பாலும் இந்த விடுமுறையில்தான், பள்ளியில் கேட்க ஆள் இருக்காது பாருங்கள். பிள்ளைகளே, உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ அப்படி ஒரு பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். காசு இல்லை, பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். படிப்பு சம்பந்தமாக எது கேட்க வேண்டும் என்றாலும் 14417. தேர்வு முடிவு பார்த்து மனசு ஒடிந்து போனால் அந்த எண்ணிலும் பேசலாம், 104-இலும் பேசலாம். இந்த மூன்று எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். பள்ளி திறந்திருக்கும்போது குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, லீவில் அதை யார் திறப்பார்கள்?

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். 2022-இல் அதே பெயரில் இருந்த திட்டத்தைப் படிப்புக்கு மாற்றினார்கள், புதுமைப்பெண் என்று நீங்கள் சொல்வது அதுதான். தங்கம் போச்சே என்று அப்போது என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நான் மாற்றத்தின் பக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால் படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பையன்களுக்கும் இதே மாதிரி 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. 1000 ரூபாய் பனியன் கம்பெனிக் கூலிக்கு ஈடாகாது, உண்மை. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்டாமல் இருக்கலாம், அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனியுங்கள், ஆறு முதல் பன்னிரண்டு வரை என்றேன். பத்தில் நல்ல மார்க் வாங்கியதும் பிள்ளையைப் பிடுங்கித் தனியார் பள்ளியில் பதினொன்று சேர்க்கிறீர்கள். சேர்த்த அன்றைக்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கையை விட்டுப் போகிறது. மருத்துவத்துக்கு 2020-இல், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் வந்த ஒதுக்கீடு. அதில் பொறியியல் சேருகிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நீங்கள் லட்சக் கணக்கில் கடன் வாங்கி அதை இழக்கிறீர்கள். சேர்க்கலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. தெரிந்து எடுங்கள் என்கிறேன்.

இதெல்லாம் இருந்தும் பணம் வராமல் போவது எதனால் தெரியுமா? இனிஷியலால். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக. மே மாதம் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும்போது இதைத் திருத்த ஓடாதீர்கள், இப்போதே பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. அது குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், யாருக்கு என்று யோசித்து வாங்குங்கள். வருமானச் சான்றைப் போன வருடத்தது இருக்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம்.

பத்தும் பன்னிரண்டும் முடிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்று ஒரு வேலை வைத்திருக்கிறோம். மேடைக்கு இடது பக்கம், சைக்கிள் ஷெட் ஓரமாக, கணினி ஆசிரியர் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆதாரும் வங்கிப் புத்தகமும் கொண்டு வந்தவர்கள் நாடகம் முடிந்ததும் போய்க் காட்டுங்கள், பெயர் பொருந்துகிறதா என்று அங்கேயே சொல்லிவிடுவார். கொண்டு வராதவர்கள் திங்கட்கிழமை வாருங்கள். லீவில் பிள்ளை எந்த ஊரில் இருப்பான், யார் நம்பருக்குக் கூப்பிட்டால் கிடைப்பான் என்பதையும் அங்கே எழுதிக் கொடுங்கள். சும்மா சம்பிரதாயத்துக்கு வீட்டு நம்பர் கொடுக்காதீர்கள், மாமா நம்பர் என்றால் மாமா நம்பரையே கொடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.