ரூட் கேட்டாலும் போர்ட் கிடைக்காதது ஏன்?

[திரை: டெர்மினல். வெப் சர்வர் கிளம்பாமல் நிற்கிறது.]

கான்ஃபிக்கில் போர்ட்டை 80-இலிருந்து 3131-க்கு மாற்றியாச்சு. ஃபயர்வாலில் வழி விட்டாச்சு. அந்த போர்ட்டை வேறு எதுவும் பிடித்து வைத்திருக்கவும் இல்லை. இருந்தும் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ரீஸ்டார்ட் செய்தால் 'பெர்மிஷன் டினைடு', பிழை எண் 13. 1024-க்கு மேலான போர்ட்டுக்கு ரூட்டே தேவையில்லையே, பிறகென்ன பெர்மிஷன்?

மறுப்பது எஸ்இலினக்ஸ், அதாவது லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கும் பாதுகாப்பு அடுக்கு. ஃபெடோரா, ரெட்ஹேட் வகை லினக்ஸில் இது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். புரோசஸை ஓட்டுவது யார் என்பது இதற்கு ஒரு பொருட்டல்ல. புரோசஸுக்கு ஒரு லேபிள், போர்ட் எண்ணுக்கு ஒரு லேபிள். இந்த ஜோடிக்குப் பாலிசியில், அதாவது அதன் விதித் தொகுப்பில், அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்பதில் 'கட்டாயம்' இதுதான்.

[திரை: ஆடிட் லாக். மூன்று சொற்கள் மட்டும் மஞ்சளில்.]

லாக்கில் ஏவிசி வரியைத் தேடுங்கள், எஸ்இலினக்ஸ் தன் மறுப்பைப் பதிவது அதில்தான். 'நேம்_பைண்ட்' என்பது மறுக்கப்பட்ட செயல்: போர்ட்டைப் பிடிப்பது. 'எச்டிடிபிடி_டி' சர்வரின் லேபிள். 'அன்ரிசர்வ்டு_போர்ட்_டி' 3131-இன் லேபிள். 80, 443 போன்றவற்றுக்கு இருப்பது 'எச்டிடிபி_போர்ட்_டி'. அதையே இதற்கும் கொடுத்தால் போதும்:

செமேனேஜ் போர்ட் -ஏ -டி எச்டிடிபி_போர்ட்_டி -பி டிசிபி 3131

போர்ட்டுக்கு ஏற்கெனவே வேறு லேபிள் இருந்தால், பழைய பதிப்புகளில் -ஏ மறுக்கும். அங்கே -எம் போடுங்கள்.

சோதித்துப் பார்க்க 40000-ஐ மட்டும் எடுக்காதீர்கள். கர்னல் தற்காலிகமாக வழங்கும் போர்ட்கள் வழக்கமாக 32768 முதல் 60999 வரை. அந்த வரம்புக்குள் நேம்_பைண்ட் சோதனையே நடக்காது. அங்கே ஓடுவது 3131-இல் ஓடாது.

அடுத்தது கனெக்ட், அதாவது சர்வரே வேறொரு போர்ட்டோடு இணைவது. எஞ்சின்எக்ஸ் வெப் சர்வரை ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது கோரிக்கைகளைப் பின்னாலுள்ள சர்வருக்குக் கடத்துவதாக வைத்தால், பிரவுசரில் 502 பிழை வரும். அதன் லாக்கில் அதே 13, ஏவிசியில் 'நேம்_கனெக்ட்'. 'எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்' என்ற பூலியனை, அதாவது பாலிசியில் உள்ள ஆன்-ஆஃப் சுவிட்சை, திறந்தால் சரியாகிவிடும், ஆனால் அது எல்லா டிசிபி போர்ட்டையும் திறந்துவிடும். டேட்டாபேஸ் மட்டும் போதுமென்றால் '_டிபி' என்று முடியும் பூலியன் தனியாக இருக்கிறது, அதைத் திறப்பதே நல்லது. பூலியனை மாற்றும் செட்செபூல் கட்டளையில் -பி பெரிய எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ரீபூட்டில் மாற்றம் போய்விடும்.

[திரை: பாக்கெட் ஒன்று சாக்கெட் வாசலில் மறைகிறது.]

தலைவலி மூன்றாவதான பாக்கெட் லேபிளில்தான். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் செக்மார்க் விதி போட்டால் பாக்கெட்டுக்கே லேபிள் ஒட்டும். இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் ஒட்டிவிட்டு, கான்செக்மார்க் என்ற துணை விதி கொண்டு அதை இணைப்போடு சேமித்து மீட்க மறந்தால், பின்னால் வரும் பாக்கெட்கள் 'அன்லேபிள்டு_டி' ஆகிவிடும். பாலிசி அதை அனுமதிக்காவிட்டால் இணைப்பு பாதியில் உறைந்து நிற்கும்.

உள்ளே வரும் பாக்கெட்டை, புரோசஸின் நெட்வொர்க் முனையான சாக்கெட்டின் வாசலில் எஸ்இலினக்ஸ் தூக்கி எறிந்துவிட்டால் எதிர்முனைக்கு டைம்அவுட்தான். பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாக்கெட் வந்தது தெரியும், பதில் போனது தெரியாது. வெளியே போவதைத் தடுத்தால் 'கனெக்ஷன் ரெஃபியூஸ்டு' என்று வரும். எதிர்முனைதான் மறுத்தது போலிருக்கும். டிசிபிடம்ப்பைப் பாருங்கள்: நெட்வொர்க் கார்டிலிருந்து ஒரு பாக்கெட்கூட வெளியேறியிருக்காது.