சிறு குழந்தைகளோடு சிங்கப்பூரில் மூன்று இரவுகள்: கோடை விடுமுறைப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

[காட்சி: லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா, காலை நேரம். தள்ளுவண்டியுடன் சிராங்கூன் சாலையைக் கடக்கும் ஒரு குடும்பம்.]

வணக்கம். தமிழ்நாட்டில் முழுப் பரீட்சை முடிந்ததும், சிங்கப்பூரில் வாழும் எங்களைப் போன்றோரை உறவினர்கள் அழைத்துக் கேட்கத் தொடங்குவார்கள்: "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் வரலாமென்று இருக்கிறோம், என்னென்ன பார்க்கலாம்?" உடன் வரும் பிள்ளைகள் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால், முதலில் தீர்மானிக்க வேண்டியது இடங்களை அல்ல, நேரத்தைத்தான் என்று நான் சொல்வேன். இந்த வீடியோ முழுவதும் அதைப் பற்றியதே.

[காட்சி: இரண்டு கடிகாரங்கள். ஒன்று சென்னை, மற்றொன்று சிங்கப்பூர்.]

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. பெரியவர்கள் இதை உணராமலே கடந்துவிடுவார்கள். ஊரில் காலை 6.30 மணிக்குக் கண்விழிக்கும் குழந்தையோ இங்கே 9 மணிக்குத்தான் தானாக விழிக்கும். ஊரில் இரவு 9 மணிக்கு உறங்கும் குழந்தைக்கு இங்கே 11.30 மணிவரை உறக்கம் வராது. வெயிலுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள் என்ற வழக்கமான அறிவுரையைக் கேட்டு 7 மணிக்கு எழுப்பினால், அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அப்போது விடியற்காலை 4.30 மணிதான். அப்படி எழுப்பப்பட்ட பிள்ளை பூந்தோட்டத்தின் வாசலிலேயே அழத் தொடங்கும். அதன்மேல் எந்தத் தவறும் இல்லை.

மூன்று இரவுகளுக்குள் பிள்ளையின் உறக்கத்தை முழுவதுமாக மாற்றவும் முடியாது, மாற்ற வேண்டியதும் இல்லை. முதல் இரண்டு நாள்கள் 8.30 மணிவரை தூங்க விடுங்கள். இழக்கும் காலை நேரத்தை மாலையில் இருமடங்காகப் பெறலாம், ஏனென்றால் இங்கே சூரியன் மறைவதே ஏறக்குறைய மாலை 7 மணிக்கு. அதற்குப் பிறகுதான் காற்று சற்று இளகும். உங்கள் பிள்ளையின் உடம்புக்கோ அப்போது மாலை 4.30 மணி, துள்ளி விளையாடும் நேரம். ஊரில் உள்ள தாத்தா பாட்டிகள் கேட்டால் பிள்ளையை இரவு 10 மணிவரை வெளியே வைத்திருக்கிறீர்களே என்று கடிந்துகொள்ளக்கூடும். அவர்கள் ஊரில் அது 7.30 மணிதான் என்று எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

[காட்சி: பிற்பகல் வானில் திரளும் கருமேகம்.]

அடுத்தது வெயில். வெப்பமானியை மட்டும் பார்த்தால், மே மாதச் சென்னையிலிருந்து வருபவர்களுக்குச் சிங்கப்பூரின் 32, 33 டிகிரி குளுமையாகத் தோன்றும். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில், கடல் சூழ்ந்து கிடக்கும் இந்தத் தீவின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. தள்ளுவண்டியில் சாய்ந்து கிடக்கும் கைக்குழந்தையின் முதுகில் காற்றுப் படவும் வழியில்லாததால், வெப்பம் முதலில் தாக்குவது அதைத்தான். போதாக்குறைக்கு, ஏப்ரல், மே மாதங்கள் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலை முழுவதும் சூடேறிய நிலத்தின்மேல் கடற்காற்று வந்து சேர, பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது வாடிக்கை. எனவே பகல் 12.30 மணியிலிருந்து 4 மணிவரை திட்டத்தில் எதையும் எழுதாதீர்கள். அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, எல்லோரும் படுத்து எழுங்கள். இவ்வளவு பணம் செலவழித்து வந்துவிட்டு அறையில் கிடப்பதா என்ற எண்ணம் வரும். அந்த மூன்றரை மணி நேரத்தைக் கொடுத்தால்தான் மாலைப் பொழுது முழுமையாக உங்கள் கைக்கு வரும்.

[காட்சி: பெருவிரைவு ரயில் வரைபடம். நீலத் தடம் மட்டும் ஒளிர்கிறது.]

நண்பகலில் அறைக்குத் திரும்ப வேண்டுமானால், அறை எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியமாகிவிடுகிறது. சிறு பிள்ளைகளோடு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் சுற்றுப்புறம். ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பது பாதிக் காரணம்தான். அந்த நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. நீல நிற டௌன்டவுன் தடத்தில் ஒரு பக்கம் சென்றால், மூன்றாவது நிறுத்தம் பூமலை என்று நாங்கள் அழைக்கும் தாவரவியல் பூங்கா. மறுபக்கம் சென்றால், நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், அதாவது கார்டன்ஸ் பை த பே எனப்படும் கரையோரப் பூந்தோட்டங்கள். ஊதா நிற வடகிழக்குத் தடமோ செந்தோசா உல்லாசத் தீவுக்குச் செல்லும் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு நேராகப் போகிறது. எங்கும் ரயில் மாற வேண்டியதில்லை. தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து வருபவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். சிறுவர்களுக்கான 24 மணி நேர அவசர சிகிச்சைப் பிரிவுள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையும் அந்த நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. தேவைப்படாமல் போகட்டும், ஆனாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆம்புலன்சுக்கு அழைக்க வேண்டிய எண் 995.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஞாயிறு மாலையில் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரம் விடுப்பில் இருக்கும் தொழிலாளர்களால் நிறைந்திருக்கும். வாரம் முழுவதும் உழைத்தவர்கள் நண்பர்களைச் சந்திக்கும் நேரம் அது. தள்ளுவண்டியோடு கடைத்தெருவைச் சுற்றுவதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: விமான நிலைய வருகைக் கூடம்.]

விமானத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நேரமே முதன்மை. சென்னையிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய நாலே கால் மணி நேரம்தான். நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு விடியலில் இறங்கும் விமானம் ஒரு பகலை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். பிள்ளை அரைகுறையாகத் தூங்கி இறங்கும்போது, விடுதி அறை கிடைக்கவோ பிற்பகல் 2 அல்லது 3 மணி ஆகும். இடைப்பட்ட நேரத்தை எங்கே கழிப்பது? முடிந்தவரை பகல் விமானத்தில் வாருங்கள். இயலாவிட்டால், முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள், அல்லது இங்கே இருக்கும் உறவினர் வீட்டில் அந்தக் காலைப்பொழுதைக் கழியுங்கள். வீட்டு வாடகைச் செயலிகளில் குறைந்த விலைக்குத் தெரியும் அடுக்குமாடி வீடுகள் வேண்டாம். தனியார் வீடுகளை மூன்று மாதங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டப்படி செல்லாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தனி விசா வேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். வருகை நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் மின்வருகை அட்டையை (SG Arrival Card) இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அதிகாரபூர்வமானது அல்ல.

[காட்சி: சிறுவர் பூங்காவில் நீர் விளையாட்டு.]

இப்போது இடங்களுக்கு வருவோம். முற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்பதே என் கணக்கு; நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் ஒரு நாளுக்கு ஒன்றே போதும். 1859இல் தொடங்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமான பூமலைக்குள் ஜேக்கப் பாலஸ் சிறுவர் பூங்கா இருக்கிறது. பிள்ளையுடன் வரும் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி; கட்டணம் கிடையாது. கரையோரப் பூந்தோட்டங்களிலும் நீர் விளையாட்டுடன் கூடிய இலவசச் சிறுவர் பூங்கா உண்டு. பொது விடுமுறை அல்லாத திங்கட்கிழமைகளில் இரண்டும் மூடியிருக்கும் என்பதால், நாள்களைக் குறிக்கும்போது அதைப் பாருங்கள். மாற்றுடையும் துண்டும் கையோடு இருக்கட்டும்.

பூந்தோட்டங்களின் மேக வனம் என்ற கண்ணாடிக் குடிலில் 35 மீட்டர் உயரச் செயற்கை மலையும் அருவியும் உள்ளன. உள்ளே எப்போதும் குளிர்ச்சி என்பதால் மாலை 5 மணிக்கு அங்கே நுழைந்து, வெளியே வந்து சாப்பிட்டு, 7.45 மணிக்கு மர வடிவ ராட்சதக் கோபுரங்களின் ஒளி, ஒலிக் காட்சியைப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, தவறவிட்டால் 8.45 மணிக்கு மற்றொன்று உண்டு. இந்த ஒரு மாலைக்காகவே சிங்கப்பூர் வரலாம் என்று நான் நம்புகிறேன்.

மண்டாயில் உள்ள விலங்குத் தோட்டங்களை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். அதற்குள் பிள்ளை சற்று முன்னதாகவே விழிக்கப் பழகியிருக்கும். விலங்கியல் தோட்டம் காலை 8.30 மணிக்குத் திறக்கிறது. பரப்பு பெரியது, நடையும் அதிகம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அதன் பக்கத்திலுள்ள ரிவர் வொண்டர்ஸ் பொருத்தமானது என்பேன். பாண்டாக்களும் கடற்பசுக்களும் உண்டு, நிழலான வழிகளும் அதிகம். 1994இல் திறக்கப்பட்ட இரவு விலங்குத் தோட்டம், உலகில் அவ்வகையில் முதலாவது. இரவு 7.15 மணிக்குத் தொடங்கும் அந்த உலாவுக்கு நேர வித்தியாசம் உங்களுக்குத் துணை நிற்கும். இருட்டுக்கு அஞ்சும் பிள்ளையை மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம்.

செந்தோசாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைப் பற்றிக் கேட்பீர்கள். பல சவாரிகளுக்கு உயர வரம்பு இருப்பதால், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் தகாது என்பதே என் எண்ணம். அந்த மாலையைச் செந்தோசாவின் கடற்கரை மணலில் விட்டுவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால், கோல்மன் தெருவில் 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட சிறுவர் அரும்பொருளகம் (அருங்காட்சியகம்) இருக்கிறது.

[காட்சி: டாக்சி நிறுத்தம்.]

போக்குவரத்தில் பலர் அறியாத ஒரு சட்டம் உண்டு. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்கள் காரில் உரிய பாதுகாப்பு இருக்கையில்தான் அமர வேண்டும். டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலி வழி வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. எனவே ஓட்டுநர் உங்களை ஏற்ற மறுத்தால் அவரைக் கோபிக்காதீர்கள். டாக்சியையோ குழந்தை இருக்கையுள்ள காரையோ கேட்டுப் பதிவு செய்யுங்கள். ரயிலிலும் பேருந்திலும் 90 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவருடன் இலவசமாகச் செல்லலாம். பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். ரயிலில் உண்பதும் குடிப்பதும் கூடாது. 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தேக்கா நிலையம் என்ற சந்தைக் கட்டடத்தின் உணவங்காடியில் இட்லியும் தோசையும் கிடைக்கும். காரம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துச் சென்று அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும், இது இங்கே விதி. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் ஆளுக்கொரு போத்தல் எடுத்து வாருங்கள்.

[காட்சி: ஜுவல், மழைச்சுழல் அருவி.]

கடைசி நாளில் புதிதாக எங்கும் செல்ல வேண்டாம். அறையைக் காலி செய்ததும் நேராகச் சாங்கி விமான நிலையத்துக்குப் போய், 2019இல் திறக்கப்பட்ட ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைப் பாருங்கள். முனையம் 1இன் வருகைக் கூடத்திலிருந்து நடந்தே சேரலாம். முனையம் 2, 3 ஆகியவற்றோடும் பாலம் இணைக்கிறது. பெட்டிகளை அங்கே கட்டணத்துக்கு ஒப்படைக்கலாம். உங்கள் விமானத்துக்கு முன்னதாகவே பதிவு (செக்-இன்) செய்யும் வசதி அங்கே உண்டா என்று பயணச்சீட்டு வாங்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.