ஆறு அடி தள்ளி நின்று

வணக்கம் நேயர்களே. கலாபகோஸ் தீவுகளுக்குப் போய்ப் படம் பிடித்த கதையைச் சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இடம் எங்கே என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன்: தென் அமெரிக்காவில் எக்குவடோர் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர், பசிபிக் கடலுக்குள். எல்லாம் எரிமலை கக்கிப் பிறந்த தீவுகள். நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதற்கு நேர்மாறு, கால் வைக்கிற பாறையெல்லாம் கன்னங்கரேல் என்று கிடக்கும். மேற்கே பெர்னாண்டினா தீவின் எரிமலை 2024 மார்ச்சிலும் வெடித்தது. சரி, புவியியல் வாத்தியார் வேலை எனக்கு வேண்டாம்.

இங்கே கமரா வைத்திருக்கிற பொடியன்கள் என்னைக் கண்டவுடன் கேட்பது, "அண்ணை, எவ்வளவு பெரிய லென்ஸ் கொண்டுபோனீங்கள்?" பெரிய லென்ஸ் அங்கே அநேகமாகப் பைக்குள்தான் கிடக்கும். தரையில் துரத்திப் பிடிக்கிற பெரிய விலங்குகள் இல்லாத தீவுகளாக இருந்ததால், அங்குள்ளவை ஆளைக் கண்டு ஓடப் பழகவில்லை. 1835இல் அங்கே ஐந்து வாரம் நின்ற டார்வின், கிளையில் இருந்த பருந்தைத் துவக்கு முனையால் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறார், யோசித்துப் பாருங்கள், சுடவேண்டிய தேவையே இல்லை!

இப்போது தள்ளுகிற கதையெல்லாம் இல்லை. எந்த விலங்கிலிருந்தும் ஆறு அடி தள்ளி நிற்கவேண்டும், பிளாஷ் போடக்கூடாது, தேசியப் பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். கடற்சிங்கக் குட்டி தானாக வந்து சப்பாத்தை மோந்தாலும் பின்வாங்க வேண்டியது நாங்கள்தான்.

எனக்குப் பிடித்தது கடல் இகுவானா. உலகத்தில் கடலுக்குள் இறங்கி மேய்கிற பல்லியினம் இது ஒன்றுதான். குளிர்ந்த தண்ணீரில் பாசி தின்றுவிட்டு வந்து, பாறையில் ஒன்றின்மேல் ஒன்றாக வெயில் காயும். உள்ளே போன உப்பை மூக்கால் தும்மித் தள்ளும், அதுதான் தலையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தத் தும்மலைப் படம் பிடிக்கவேண்டுமென்றால் வயிறு நிலத்தில் பட, வெயிலுக்கு எதிரே படுத்துக் காத்திருக்கவேண்டும், வேறு வழி இல்லை. காத்திருக்கவேண்டும், திருப்பித் திருப்பிச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள். இன்னொன்று, கறுப்புப் பாறையில் கறுப்பு உடம்பு, கமராவை அதன்பாட்டில் விட்டால் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும், கமராவில் வெளிச்ச அளவை நீங்களே குறைத்து வையுங்கள். எல் நினோ வந்து கடல் சூடேறிப் பாசி அருகினால் இவை பட்டினி கிடக்கும், மெலிவது மட்டுமில்லை, உடம்பின் நீளமே குறையும், 20 சதவீதம் வரைகூட. சாப்பாடு திரும்பியதும் மறுபடி நீளும். முதுகெலும்புள்ள ஒரு பிராணி இப்படிச் செய்யும் என்று கேட்டபோது நான் நம்பவில்லை.

காத்திருப்பதைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் கடல்நீரேரிக்கு வருகிற பூநாரைகள் ஞாபகத்துக்கு வரும். பறக்கிற படம் வேண்டுமென்று சிலர் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிறார்கள். இரை தின்ன வந்ததை எழுப்பிக் கலைத்து எடுத்த படம் என்ன படம்? செட்டையடிப்பில் அதன் பயம் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். விடியமுன் போய்க் கரையில் குந்தியிருங்கள், அவையாகவே எழும்பும்.

ஐயோ, கலையகத்தில் கை காட்டுகிறார்கள். பறக்க மறந்த நீர்க்காகம், பூமத்தியரேகையில் வாழும் பெங்குவின், ராட்சத ஆமை எல்லாம் மிச்சம் இருக்கிறது. போக நினைப்பவர்களுக்கு ஒன்று: வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டொலரிலிருந்து 200 ஆகியது, பெரும்பாலானோருக்கு. ட்ரோன் வைத்திருக்கிற தம்பிமார் அதை வீட்டிலேயே விட்டுப் போங்கள், சுற்றுலாப் பயணிகள் பறக்கவிடத் தடை. ஆமைக்கு இன்னொரு நாள் கூப்பிடட்டும். வணக்கம்.