சாப்பாட்டு மேசையில் ஒரு கத்தரிக்கோல்

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய தம்பி, நான் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று வரிசையாகக் கணக்குச் சொன்னார். கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று கேட்பதைப் போல இருந்தது எனக்கு. நம் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பழக்கப்படாதவர்கள் உண்டா?

இன்று ஆராய்ச்சி வேலைக்கு மனுப் போட்டால் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்கிறார்கள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு அது. உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20. விரல் விட்டு எண்ணிவிடலாம், பரவியதும் அதனால்தான். அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜேனட் ரௌலி என்ற அமெரிக்க மரபியலாளர், 1925-இல் பிறந்தவர். சிகாகோவில் மருத்துவம் படிக்க இடம் கேட்டபோது, 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு மூன்றே இடம், அதுவும் நிரம்பிவிட்டது என்றார்கள். ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தார். பட்டம் வாங்கிய மறுநாள் திருமணம், பிறகு நான்கு ஆண் பிள்ளைகள். கடைக்குட்டி வளரும்வரை பகுதி நேர வேலைதான். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளைக் கவனித்த காலத்தில், அதற்குக் காரணம் ஒரு கூடுதல் குரோமோசோம், அதாவது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை, என்று 1959-இல் தெரியவந்தது. அவருடைய கவனம் குரோமோசோம் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

1970-களின் தொடக்கத்தில் குரோமோசோம்களை ஒளிரும் சாயத்தில் தோய்த்தால் குறுக்கே பட்டைகள் தெரியும் என்ற முறை வந்திருந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை அவர் நுண்ணோக்கியில் படம் பிடித்து, அச்சிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோவார். சாப்பாட்டு மேசையில் படத்திலிருந்து ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரித்து எடுத்து, பட்டைக்குப் பட்டை ஒப்பிட்டு, இணை இணையாக அடுக்குவார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். தோவாளையில் பிச்சி மொட்டுகளை இரண்டிரண்டாக வைத்து நார் சுற்றுகிறவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மொட்டு நீளம் குறைந்தாலும் விரல் நின்றுவிடும். அந்த மேசையில் இவருடைய விரலும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-இலேயே பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டிருந்தார்கள். துண்டு தொலைந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ரௌலியோ 9-ஆம் குரோமோசோமின் நுனி நீண்டிருப்பதைக் கண்டார். தொலையவில்லை, இடம் மாறி ஒட்டியிருக்கிறது! 1973-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார். 8-க்கும் 21-க்கும் இடையே நடக்கும் வேறொரு மாற்றத்தை அதே ஆண்டு ஒரு பிரெஞ்சு இதழில் வெளியிட்டார். இன்றைய தேர்வுக் குழுக்கள் அந்த இதழுக்கு எத்தனை மதிப்பெண் போடுமோ!

9-க்கும் 22-க்கும் இடையே துண்டுகள் இடம் மாறியதால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, அணையாத சுவிட்ச் போல செல்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கும் ஒரு நொதியை உண்டாக்குகின்றன. அந்த நொதியை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் அதற்குக் காப்புரிமை கேட்ட நிறுவனத்தின் மாத்திரைக்கு அப்போது மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மாத்திரைக்குச் சில ஆயிரம்தான் ஆனது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. இங்கிருந்து திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனைக்கு ரயிலேறி மருந்துச் சீட்டோடு திரும்புகிறவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

மேற்கோள் கணக்குக்கு வருகிறேன். அந்தக் குட்டையான 22-ஆம் குரோமோசோமுக்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். அதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று 1960-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் போவதில்லை. பாடப்புத்தகத்திலேயே இருப்பதற்கு எவர் மேற்கோள் காட்டுவார்? மீன் குழம்பில் கரைந்த உப்பை எந்தத் தராசில் நிறுப்பது? ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்: உள்வாங்கப்பட்டதாலேயே அழிந்துபோவது. எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் என் எண்ணை அவ்வப்போது பார்ப்பவன்தான், சற்று வெட்கத்தோடு.

போதும். முன்வரிசை மேசையில் ஒரு நோயாளியின் செல்லில் எடுத்த 46 குரோமோசோம்களின் படமும் கத்தரிக்கோலும் பசையும் வைத்திருக்கிறேன். நான்கு நான்கு பேராக வாருங்கள். ஒன்பதையும் இருபத்திரண்டையும் கண்டுபிடியுங்கள். அதற்கு முன் யாராவது அந்த மின்விசிறியை நிறுத்துங்கள், துண்டுகள் பறந்துவிடும்.