ராப்பில் யார் டாப்? என் ஓட்டு ராகிமுக்கு

வணக்கம். ஹிப்-ஹாப் கேட்கிற நாலு பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் பேச்சு இந்தச் சண்டைக்கு வந்துவிடும்: இதுவரை வந்த ராப்பர்களில், அதாவது தாளத்துக்குப் பாட்டைப் பேசுவது மாதிரி சொல்பவர்களில், யார் டாப்? ஒருவர் டூபாக் என்பார், பக்கத்தில் இருப்பவர் பிக்கி என்பார், வயதில் சின்னவர் கென்ட்ரிக் லமாரைச் சொல்வார். நான் ராகிம் என்பேன். அது யார் என்று உங்களில் சிலராவது கேட்பீர்கள், அதற்காகத்தான் இந்த வீடியோ.

[திரையில்: 2023 பட்டியலின் முதல் ஐந்து பெயர்கள்]

2023-இல் ஹிப்-ஹாப்புக்கு 50 வயது ஆனதை ஒட்டி அமெரிக்க இசை இதழ்களான பில்போர்டும் வைப்பும் சேர்ந்து 50 ராப்பர்களை வரிசைப்படுத்தின. ஜே-ஸி முதலிடம், அடுத்து கென்ட்ரிக், நாஸ், டூபாக், எமினெம். இந்த ஐந்து பேரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதுதான் சிக்கல். விற்பனையைப் பார்த்தால் எமினெம், 2000-இல் அவருடைய ஒரு ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 17 லட்சத்துக்கு மேல் விற்றது. நின்று ஆடியது யார் என்றால் ஜே-ஸி, 1996-இல் முதல் ஆல்பம் போட்டவர், பில்போர்டின் ஆல்பம் தரவரிசையில் 14 ஆல்பங்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். கௌரவம் என்றால் கென்ட்ரிக், 2018-இல் புலிட்சர் பரிசே அவர் வீட்டுக்கு வந்தது. டூபாக் 25 வயதிலும் பிக்கி 24 வயதிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம்தான் இடைவெளி, அதனால் அவர்களைப் பற்றிப் பேசும்போது பாட்டோடு சேர்த்து அந்த இழப்பையும் பேசுகிறோம், அதில் ஒரு தப்பும் இல்லை.

லாரின் ஹில்லை மட்டும் 'பெண் ராப்பர்கள்' என்று ஒரு தனிப் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள், அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1998-இல் வந்த அந்த ஒரே தனி ஸ்டுடியோ ஆல்பம்தான் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வாங்கிய முதல் ஹிப்-ஹாப் ஆல்பம். எந்தப் பட்டியலிலும் மேல் வரிசையில் அவருக்கு இடம் உண்டு.

சரி, என் அளவுகோலுக்கு வருகிறேன். ஒரு ராப்பர் வருவதற்கு முன்னால் ராப் எப்படி இருந்தது, வந்த பிறகு எப்படி மாறியது? நான் பார்ப்பது இதை மட்டும்தான்.

[திரையில்: நியூயார்க்கின் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ]

1973 ஆகஸ்ட் 11 அன்று இந்தக் கட்டடத்தில் நடந்த பார்ட்டியில்தான் எல்லாம் தொடங்கியது என்பார்கள். அன்றைக்கு நட்சத்திரம் டிஜே கூல் ஹெர்க். மைக்கைப் பிடிப்பவரின் வேலை கூட்டத்தைக் குஷிப்படுத்துவது, அவ்வளவுதான். 80-களின் நடுவில்கூட, ரன்-டிஎம்சி என்ற ராப் குழு உச்சத்தில் இருந்த காலத்தில், ராப் என்றால் பெரும்பாலும் கத்திச் சொல்வதுதான். வரியின் கடைசிச் சொல் அடுத்த வரியின் கடைசிச் சொல்லோடு ஒலியில் ஒத்துப்போகும், நம் இலக்கணத்தில் இயைபு என்கிறோமே, அதேதான். டம் என்று முடியும், அடுத்ததும் டம் என்று முடியும், கேட்பவருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

1986-இல் லாங் ஐலண்டின் வயண்டான்ச் ஊரிலிருந்து 18 வயதுப் பையன் ஒருவன் எரிக் பி என்ற டிஜேயோடு நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜில் இருந்த தயாரிப்பாளர் மார்லி மார்லின் வீட்டு ஸ்டுடியோவுக்கு வருகிறான். அவன்தான் ராகிம். மைக்கில் அவன் கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி தணிந்த குரலில், அவசரமே இல்லாமல் சொல்கிறான். அங்கிருந்த மார்லிக்கும் ராப்பர் எம்சி ஷானுக்கும் இது சரிப்படவில்லை, இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்று என்றார்கள். அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தத் தணிந்த குரலுக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். ராகிம் சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். ஒரு பார் என்பது நான்கு தட்டு. நான்கு பார்களை ஒரு கட்டம் போட்ட தாள் மாதிரி மனதில் விரித்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்த அசை விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். ஒலி ஒப்புமை வரிக் கடைசியில் மட்டும் நிற்காமல் வரியின் நடுவில் இரண்டு முறை, மூன்று முறை வரும், ஒரு வாக்கியம் பார் முடிந்தும் நிற்காமல் அடுத்த பாருக்குள் போய் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு தட்டில் போய் முடியும், சாக்ஸபோன்காரர் மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு நீண்ட பிரயோகத்தை வாசிப்பாரே, அந்த மாதிரி.

எரிக் பியும் ராகிமும் 1987-இல் போட்ட 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்துக்குப் பிறகு பழைய முறையில் எழுதினால் பழசாகத் தெரிய ஆரம்பித்தது. நாஸ் அதே குயின்ஸ்பிரிட்ஜில் வளர்ந்தவர், 2004-இல் ராகிமின் வாழ்க்கைக் கதையையே ஒரு பாட்டாகப் பாடினார். எமினெமின் 'தி வே ஐ ஆம்' பல்லவியில் வரும் ஒரு வரி ராகிமின் 1987 பாட்டிலிருந்து எடுத்தது. டாப் ஐந்தில் இருக்கும் இரண்டு பேர் கைகாட்டுவது இந்த ஒருவரைத்தான்.

எதிர்வாதமும் இருக்கிறது, அது பலமானதுதான். எரிக் பியோடு நான்கு ஆல்பங்கள், அப்புறம் தனியாகச் சில. தயாரிப்பாளர் டாக்டர் டிரேயின் இசை நிறுவனமான ஆஃப்டர்மேத்தில் சேர்ந்தார், எல்லோரும் காத்திருந்த ஆல்பம் வராமலே 2003-இல் வெளியேறினார். படைப்புகளின் எண்ணிக்கை உங்களுக்கு முக்கியம் என்றால் ஜே-ஸியை வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு முதலில் ரன்-டிஎம்சியின் 'சக்கர் எம்சிஸ்' கேளுங்கள், 1983. உடனே எரிக் பி, ராகிமின் 'மை மெலடி', 1986. இரண்டுக்கும் கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், ஒலி எந்தத் தட்டில் ஒத்து வருகிறது என்று கவனியுங்கள். முதல் பாட்டில் உங்கள் கை பெரும்பாலும் சரியாகக் காத்திருக்கும். இரண்டாவதில் உங்கள் கைக்கு முன்னால் அவர் போய்விட்டிருப்பார்.